எடை மேடைக்குப் பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரிகள், ஆறுகள் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். டாலஸ் அருகே பிளேனோவில் குடும்பத்தோடு வசிக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் இந்த ஆண்டு பள்ளியில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் கிளப்பில் சேர்ந்தான். மே மாதக் கடைசியில் அவனுடைய போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். காலையில் பிடித்த மீன்களைப் பிற்பகல் வரை படகுத் தொட்டியில் வைத்திருந்து, மேடையில் தூக்கிக் காட்டி, எடை போட்டு, படம் எடுத்துவிட்டு ஏரியில் விட்டார்கள். மீன்வளத்தைக் காப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அன்று இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை நடக்கப் போனபோது அதே கரையோரம் ஏழெட்டு மீன்கள் வயிறு வெளுக்க மிதந்தன.

எங்கள் ஊரில் மீன் பிடித்தால் குழம்பு வைப்போம். தின்பதற்காகக் கொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. விளையாட்டுக்காக வாயைக் கிழித்துவிட்டுத் திரும்ப விடுவது எதில் சேர்த்தி? என் அம்மா இதைப் பாவம் என்கிறார். மகனோ அடுத்த பருவத்தில் அவனுக்குப் படகு ஓட்ட நான் வரவேண்டும் என்கிறான். அவனை நிறுத்துவதா, கூடப் போவதா?

ச., பிளேனோ

அன்புள்ள ச.,

கரையில் மிதந்த மீன்களிலிருந்தே தொடங்குகிறேன். அவை வேறு ஏதோ நோயில் செத்திருக்கும் என்று யாராவது உங்களைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். போட்டிக்கு மறுநாள், அதே கரையில் என்றால், போட்டியில் பிடிபட்ட மீன்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மேடையில் வாலை அடித்துத் துள்ளிய மீன் இரண்டு மூன்று நாள் கழித்தும் சாகும். மீன்வள ஆய்வாளர்கள் இதைத் தாமதச் சாவு என்கிறார்கள். கோடைப் போட்டிகளில் மேடைக்கு வருமுன் சாகும் மீன்களைவிட இப்படிப் பின்னால் சாகும் மீன்களே அதிகம். போட்டி நடத்துபவரின் பட்டியலில் அவை 'உயிருடன் விடப்பட்டவை' என்றே இருக்கும். செத்த மீன்கள் எல்லாம் மிதப்பதும் இல்லை. பல அடியில் தங்கிவிடும், ஆமை தின்றுவிடும். நீங்கள் பார்த்தது நடந்ததில் ஒரு பகுதிதான்.

அப்படியிருந்தும் மகனை நிறுத்த வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1967 ஜூனில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 106 பேரைக் கூட்டி, ஆளுக்கு 100 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு போட்டி நடத்தினார். மறு ஆண்டு, மீனின் பெயரையே சுருக்கப் பெயராகக் கொண்ட பாஸ் (B.A.S.S.) என்ற தூண்டில்காரர் சங்கத்தைத் தொடங்கினார். இன்றைய போட்டி உலகம் அங்கிருந்து கிளைத்ததுதான். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் செத்த மீன்களைக் கோர்வையாகத் தொங்கவிட்டுப் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். கோர்வை எவ்வளவு நீளமோ அவ்வளவு பெருமை. கொலராடோவில் ஒருவர் தான் பிடித்த டிரௌட் மீனை ஓடையில் திரும்ப விட, சுற்றி நின்றவர்கள் கைதட்டியதை ஸ்காட் பார்த்தார். 1972 முதல் தன் போட்டிகளில் 'பிடித்ததைக் கொல்லாதே' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். மீனை உயிரோடு கொண்டுவந்தால் சலுகை, செத்த மீனுக்கு எடையில் பிடித்தம் என்று ஆனதும் படகு செய்பவர்களும் காற்றூட்டும் தொட்டிகளை வைக்கத் தொடங்கினார்கள். போட்டிப் பக்கமே போகாத சாதாரணத் தூண்டில்காரர்களும் ஒரு தலைமுறைக்குள் மீனை விட்டுவிடப் பழகினார்கள்.

இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அவர் போட்ட வழக்குகள். 1970களின் தொடக்கத்தில், நீர்நிலைகளில் கழிவைக் கொட்டிய 200க்கும் மேற்பட்ட ஆலைகள் மீது, 1899இல் இயற்றப்பட்டுக் கிடப்பில் கிடந்த ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு அவர் நீதிமன்றத்துக்குப் போனார். தூண்டில் போடுகிறவனுக்கு ஏரி கெட்டால் முதலில் தெரிகிறது, முதலில் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை இழந்துவிடக் கூடாது என்பதால்தான் உங்கள் மகனை நிறுத்த வேண்டாம் என்கிறேன்.

இருந்தாலும் எடை மேடை என்பது மீனுக்காக ஏற்பட்டதில்லை, கூட்டத்துக்காக ஏற்பட்டது. மீனைப் பிடித்த இடத்திலேயே எடை போட்டு உடனே விட்டுவிட முடியும் என்பது இன்று நிரூபணமான விஷயம். 2019இல் தொடங்கிய பாஸ் புரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வொரு படகிலும் ஒரு நடுவர் இருக்கிறார். மீனை எடை போடுவார், குறித்துக்கொள்வார், அடுத்த நொடி மீன் தண்ணீருக்குப் போய்விடும். டாலஸுக்குக் கிழக்கே உள்ள ஃபோர்க் ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குக் கீழ் உள்ள பாஸ் மீனை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருப்பதால் அங்கே பெரிய போட்டிகள் இந்த முறைக்கு முன்பே வந்துவிட்டன. ஜூன் முதல் செப்டம்பர் வரை டெக்சஸில் நடக்கும் எல்லாப் போட்டிகளும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளிப் போட்டிகள் மற்றவர்களுக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை தொட்டிதான் கதி என்றால், அதைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகள் இரண்டு பேர் தூண்டில் போடுவார்கள், பெரியவர் ஒருவர் படகு ஓட்டுவார். தொட்டியைக் கவனிக்கக் கை ஓய்வாக இருப்பவர் அந்தப் பெரியவர்தான்.

படகின் பின்தளத்தில் மூடியிட்ட அந்தத் தொட்டி ஏறக்குறைய 95 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஐந்து மீன்கள், எல்லாம் சேர்ந்து ஏழு கிலோ. கோடை தொடங்கியபின் டெக்சஸ் ஏரிகளின் மேல்நீர் 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் லிட்டர் நீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் என்றால் ஒன்பது. பாஸ் மீன் இருக்கும் தொட்டியில் அது ஐந்துக்குக் கீழே இறங்கக் கூடாது. சூடு ஏற ஏற மீனின் தேவை கூடும், நீரில் இருப்பு குறையும். ஐந்து மீன்கள் போட்டி போட்டுச் செவுளை அடிக்கும்போது அந்த இருப்பு எத்தனை நேரம் தாங்கும்? ஆகவே பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட விடாதீர்கள், காலையில் முதல் மீன் உள்ளே போனதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கட்டும். பாட்டில்களில் தண்ணீர் உறைய வைத்து எடுத்துப்போய் ஒவ்வொன்றாக உள்ளே போடுங்கள். ஐஸ்கட்டியை நேரடியாகக் கொட்டினால் குழாய்நீரின் குளோரினும் சேர்ந்து போகும். தொட்டி நீர் ஏரி நீரைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்தால் போதும். அதற்கு மேல் குளிரவைத்தால், திரும்ப வெந்நீருக்குள் விடும்போது மீன் அதிர்ந்துபோகும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேரும் என்பதால் இடையிடையே பாதி நீரையாவது மாற்ற வேண்டும்.

கரை சேர்ந்தபின் வருவதுதான் மோசமான கட்டம். பிளாஸ்டிக் பையில் அரைவாசித் தண்ணீரும் ஐந்து மீன்களுமாகப் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நிமிடத்துக்குள் அந்தப் பையின் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பிறகு மேடை, காற்று, கேமரா. பெரிய மீனின் கீழ்த்தாடையை ஒரு கையால் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் முழு எடையும் அந்தத் தாடை மூட்டில் இறங்குகிறது. நேராகத் தொங்கவிட வேண்டும், அல்லது மறுகையை வயிற்றுக்கு அடியில் கொடுக்க வேண்டும். ஈரமில்லாத கையால் தொடவும் கூடாது, படகுத்தளத்து விரிப்பில் கிடத்தவும் கூடாது. உடம்பின் மேலுள்ள வழவழப்பான பூச்சு உரிந்துவிட்டால் அந்த இடத்தில் பூஞ்சை பிடித்து மீன் செத்துப்போகலாம். பிள்ளை புகைப்படம் கேட்டால் எடுங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள், உங்களுக்கு முட்டும்போது மீனைத் தண்ணீரில் விட்டிருக்க வேண்டும்.

25, 30 அடிக்குக் கீழிருந்து இழுத்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும், தொட்டியில் மல்லாந்து மிதக்கும். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றத் தெரிந்தவர்கள் செய்யலாம். பழகாத கையில் ஊசி குடலையோ சிறுநீரகத்தையோ துளைக்கும். அவ்வளவு ஆழத்தில் தூண்டில் போடாமல் இருப்பது எல்லாவற்றிலும் எளிது.

நன்றாகக் கவனித்தால் மீன் பிழைக்கும் என்பதற்கு டெக்சஸே சாட்சி. 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவென்சன் என்ற மீன்பிடி வழிகாட்டி ஃபோர்க் ஏரியில் 17.67 பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்தார். கொல்லாமல் மாநில மீன்வளத் துறையிடம் கொடுத்தார். எத்தல் என்று பெயரிடப்பட்ட அந்த மீன் மிசௌரியில் ஒரு காட்சித் தொட்டியில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. குளிர்காலக் கடைசியில் பிடிபடும் மிகப் பெரிய பெண் மீன்களைக் கடனாக வாங்கி, குஞ்சு பொரிக்கவைத்து ஏரிகளில் விடும் அரசுத் திட்டம் எத்தலிலிருந்துதான் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

இன்னொன்றையும் மகனிடம் பேசுங்கள். வசந்த காலத்தில் பாஸ் மீனின் ஆண், ஆழமில்லாத நீரில் வாலால் சரளையை ஒதுக்கிக் குழி செய்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போனபின் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காப்பது ஆண்தான். அது சரியாக இரை எடுப்பதில்லை, கிட்டே வரும் எதையும் கடித்து விரட்டும். பசியில்லாத மீன் தூண்டிலைக் கவ்வுவது அதனால்தான். நம் குளங்களில் செந்நிறக் குஞ்சுத் திரளுக்கு மேலே தூண்டிலாட்டித் தாய் விராலைப் பிடிப்பது போன்ற காரியம் இது. ஆண் மீனைத் தொட்டியில் போட்டுக் கொண்டுபோன நிமிடமே புளூகில் என்ற சிறு மீன்கள் கூட்டமாக வந்து குழியைக் காலி செய்துவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளில் இந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கத் தடை உண்டு. டெக்சஸில் இல்லை. முட்டையிடும் காலம் இங்கே நீளம், அதனால் மொத்த எண்ணிக்கை தாங்கும் என்பது வாதம். தாங்கட்டும். குழியின்மேல் நிற்கும் மீனை விட்டுவிட்டு வேறு இடம் போகச் சொல்லுங்கள்.

குழம்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் தவறே இல்லை. ஃபோர்க் ஏரியின் விதியே 16 அங்குலமும் அதற்குக் குறைந்தவையுமான மீன்களை எடுத்துச் சாப்பிட இடம் கொடுக்கிறது. சிறியவை குறைந்தால் மிச்சமிருப்பவை நன்றாக வளரும். மிகப் பெரிய மீன்களை மட்டும் தின்ன வேண்டாம். அவை வயதான பெண் மீன்கள், பாதரசமும் அவற்றில்தான் அதிகம் சேரும். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி என்பவர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் நெடுங்காலம் தனி உலகச் சாதனையாக இருந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. அவர் வீட்டில் அதைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 2009இல் அந்தச் சாதனையைச் சமன் செய்த மீன் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதாவிடம் சிக்கியது. பிவாவில் பாஸ் மீனைத் திரும்ப விடுவதே சட்டவிரோதம். 1925இல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், பிவாவின் சொந்த மீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பிடித்த பாஸைப் போட ஏரிக்கரையில் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஆகவே விடுவது எங்கும் எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. எந்த ஏரி, எந்த மீன் என்று பார்த்தே பேச வேண்டும்.

உங்கள் அம்மா சொல்வதையும் நான் தள்ளவில்லை. முள் குத்தினால் மீனுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை மீன் கொடுக்கிறது. பதிலுக்கு ஏரிக்கு நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி நம்முடையது. 2009இல் டெக்சோமா ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட, ஏரிகளைக் கெடுக்கும் அயல்நாட்டு வரிச்சிப்பிகள் (zebra mussels) படகுகளின் வழியாக டெக்சஸின் ஏரி ஏரியாகப் பரவின. கண்ணுக்குத் தெரியாத அவற்றின் குஞ்சுகள் தொட்டியில் தேங்கிய ஒரு குவளை நீரில் பயணம் செய்துவிடும். கரையேறியதும் நீரை முழுக்க வடிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வீட்டில் படகைக் காயவும் விடுங்கள். உங்கள் வீட்டுப் புல்வெளிக்கும் இதில் பங்கு உண்டு. பிளேனோவில் பெரும்பகுதியின் மழைநீர் ரௌலட் ஓடை வழியாக ரே ஹப்பர்ட் ஏரிக்குப் போகிறது. மழைக்கு முந்தின நாள் தூவிய உரம் அங்கே பாசியாக வளரும், பாசி மடிந்து அழுகும்போது நீரின் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். எந்தப் போட்டியும் நடக்காமலே மீன்கள் சாகும். மகன் இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் உர மூட்டையை உங்களைத் தொட விடமாட்டான்.

கூடப் போங்கள். பருவம் தொடங்குமுன் போட்டி நடத்துபவரிடம் நாலு விஷயம் கேளுங்கள். மீனைப் படகிலேயே எடை போட்டு விடும் முறைக்கு மாற முடியுமா? முடியாதென்றால், எடைக்கு நிற்கும் வரிசையில் ஆக்சிஜன் ஊட்டிய தொட்டிகள் உண்டா? ஏரி நீர் எத்தனை டிகிரியைத் தாண்டினால் போட்டியை ரத்து செய்வீர்கள்? எடை போட்ட மீன்களைக் கரையோரமே கொட்டாமல் படகில் ஏற்றி ஏரி நடுவே, பல இடங்களில் விடுவீர்களா? எழுத்தில் பதில் வாங்குங்கள். மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் பதில் சீக்கிரம் வரும். மூன்றாவது கேள்விக்கு அவர்களிடம் பதிலே இல்லை என்றால், அந்தக் கோடைப் போட்டிக்கு மட்டும் உங்கள் படகு போக வேண்டாம். ஏன் என்பதைக் கிளப்புக்கும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்.