லெஜண்ட் நிலையில் மட்டை பிடிப்பது பற்றி

தம்பி, வணக்கம். 'எம்.எல்.பி. தி ஷோ' என்ற பேஸ்பால் வீடியோ விளையாட்டில் கடினமான லெஜண்ட் நிலைக்குப் போனதும் வேகப்பந்துக்குத் தாமதமாகிறது, வளைபந்தைத் துரத்தி அவுட் ஆகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சாட்ஸ்வொர்த்தில் வாரந்தோறும் கிரிக்கெட் ஆடுகிறேன் என்றும் சொன்னீர்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நானும் டர்பனில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். அதே கையோடுதான் இந்த விளையாட்டுக்கு வந்தேன்.

நம் கண் பந்து தரையில் பட்டு எழுவதற்காகக் காத்திருக்கிறது. இங்கே பந்து தரையில் படாது. வீசுபவருக்கும் மட்டையாளர் நிற்கும் தளத்துக்கும் இடையே 18.44 மீட்டர் தூரம்தான். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகப்பந்து சுமார் 0.4 நொடியில் வந்துவிடும். ஆகவே வீசுபவரின் கை பந்தை விடும் இடத்தையே பாருங்கள், வேறெங்கும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இங்கே காக்க ஸ்டம்பு இல்லை. அடிக்கத்தக்க கட்டத்துக்கு வெளியே போகும் நான்கு பந்துகளை விட்டுவிட்டால், ஓடிச் சேர வேண்டிய முதல் தளம் இலவசம்! இரண்டு ஸ்ட்ரைக் (மட்டையாளருக்கு எதிராக எண்ணப்படும் பந்து) விழும்வரை ஒரே இடத்தில் வரும் வேகப்பந்தை மட்டும் எதிர்பாருங்கள். வேகத்துக்குத் தயாரானவன் மெதுவான பந்துக்குச் சற்றுப் பொறுக்கலாம். மெதுவான பந்துக்குக் காத்திருந்தவன் வேகப்பந்தைப் பிடிக்கவே முடியாது.

பயிற்சிப் பகுதியில் முதல் இருபது பந்துகளுக்கு மட்டையை வீசாதீர்கள். உள்ளேயா வெளியேயா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்குப் பலன் தந்தது இதுதான்.

தொலைக்காட்சியில் கேம் மோடு போட்டிருக்கிறீர்களா? இன்றிரவே பாருங்கள். அது இல்லாவிட்டால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் மட்டை அசைவதற்கும் இடையே தாமதம் விழும். அதைச் சரிசெய்தபின் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், தம்பி.