பங்குப் பிள்ளைகளை எண்ணுவது எப்படி? பர்மா மறைக்கல்வி ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

பங்கில், அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், பள்ளிக்கும் மறைக்கல்விக்கும் (பிள்ளைகளுக்கு விசுவாசம் கற்றுத் தரும் வகுப்பு) கணக்கெடுக்க இறங்கியிருக்கும் ஆசிரியர்கள் கேட்டவை இவை. இருபது வருஷத்துக்கு மேல் மறைக்கல்வி வகுப்பிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பழகியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ரங்கூன்): அக்கா, கணக்கெடுப்புப் படிவத்தில் "கத்தோலிக்கப் பள்ளிகள் எத்தனை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் பழைய கான்வென்ட் இப்போது அரசுப் பள்ளி. போர்டிங்கும் டியூஷனும்தான் பங்கில் நடக்கின்றன. என்ன எழுதுவது?

பதில்: பழைய கான்வென்டைச் சேர்க்காதேம்மா. 1965-இல் அரசு எடுத்துக்கொண்ட பள்ளிகள் அப்போதே நம் கையை விட்டுப் போய்விட்டன. ரங்கூன் பொட்டட்டாவுங் பகுதியில் துறவறச் சகோதரர்கள் நடத்திய புனித பவுல் பள்ளி இன்று ஆறாம் நம்பர் அரசு உயர்நிலைப் பள்ளி. அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது எனக்கும் மனசு கனக்கும். ஆனால் படிவம் இன்றைய நிலையைத்தான் கேட்கிறது.

திருச்சபைச் சட்டம் 803-இன்படி, உரிய திருச்சபை அதிகாரியின் சம்மதம் இல்லாமல் எந்தப் பள்ளியும் கத்தோலிக்கப் பள்ளி என்று பெயர் வைத்துக்கொள்ள முடியாது. அப்படிச் சம்மதம் பெற்ற பள்ளி இல்லையென்றால் 0 என்றே எழுது. போர்டிங் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியில், அவர்களைத் தனி வரியில் எழுது. டியூஷன் பிள்ளைகளையும் தனி வரியில் எழுது. எல்லாவற்றையும் கூட்டினால் போர்டிங்கில் தங்கி, டியூஷனுக்கும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கும் வரும் ஒரே பிள்ளை மூன்று பிள்ளையாகிவிடும்.

கேள்வி: எந்தத் தேதிக் கணக்கு?

பதில்: ரோமுக்குப் போகும் ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31 நிலவரம். ஏப்ரல் கோடை மறைக்கல்விக்கு வருகிறவர்களை ஞாயிறு வகுப்போடு கூட்ட வேண்டாம். பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான்.

கேள்வி (பெகு): ஒரே பையன் கோயிலில் அந்தோணிராஜ், பள்ளியில் மவுங் சோ. இரண்டு பட்டியலையும் எப்படிப் பொருத்துவது?

பதில்: நம் ஊரில் இதுதான் பெரிய தலைவலி. பர்மியப் பெயரில் குடும்பப் பெயரும் கிடையாது, அப்பா பெயரை வைத்துத் தேடவும் முடியாது. அதனால் பெயரை நம்பாதே தம்பி. ஞானஸ்நானப் பதிவேட்டின் ஆண்டையும் வரிசை எண்ணையும் அந்தப் பிள்ளையின் அடையாளமாக வை. பக்கத்தில் இரண்டு பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி எழுது. பள்ளி வகுப்பை மட்டும் எழுதி வைத்தால் பிறகு குழம்பும். 2016-இல் கேஜி பிளஸ் 12 முறை (மழலையர் வகுப்பும் அதன்மேல் பன்னிரண்டு வகுப்பும்) வந்ததிலிருந்து பழைய வகுப்பு எண்ணும் புதிய எண்ணும் ஒன்றல்ல.

கேள்வி (மோல்மேன்): வாராவாரம் வருகைப் பதிவு எடுக்கிறோம். அது போதாதா அக்கா?

பதில்: போதாது. வந்தவர்களை அது காட்டும், வராதவர்களைக் காட்டாது. நான் கணக்கெடுப்பதே வராத பிள்ளைக்காகத்தான்.

ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றுக்கும் ஒவ்வொரு பங்கும் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 535 சொல்கிறது. உறுதிபூசுதலையும் ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே குறிக்க வேண்டும். சரி, இந்த வருஷம் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்க, ஒன்பது வயதுப் பிள்ளைகள் என்றால், ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பக்கங்களைத் திற. இன்றைய வகுப்புப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக டிக் போடு. டிக் விழாத பெயர்களை எடுத்துக்கொண்டு அன்பியம் அன்பியமாக (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்கள்) விசாரி. வேறு பங்குக்குப் போனவர், வெளிநாடு போனவர், இறந்தவர், இங்கேயே இருந்தும் வராதவர் என்று பிரித்து எழுது.

எங்கள் பங்கில் முதன்முதலாக இப்படிப் பார்த்தபோது, ஒரு பெண்பிள்ளை இரண்டு தெரு தள்ளியே இருந்தது தெரிந்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போகிறாள், கூட்டி வர ஆளில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்றைத் துணைக்கு அனுப்பினோம், அடுத்த வாரமே வந்துவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரே இருந்ததில்லை.

கேள்வி: தமிழில் படிப்பவர், பர்மிய மொழியில் படிப்பவர் என்று பிரிக்க வேண்டுமா?

பதில்: படிவம் கேட்காவிட்டாலும் பிரித்து எழுது. வீட்டில் எந்த மொழியில் ஜெபம் சொல்கிறார்கள் என்றும் கேள். எந்த மொழிப் புத்தகம் எத்தனை வாங்குவது என்று முடிவு செய்ய அது வேண்டும்.

கேள்வி: பட்டியலை வைபர் என்ற செல்போன் செயலிக் குழுவில் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இப்போதிருக்கும் நிலைமையில் பிள்ளைகளின் பெயரும் விலாசமும் கை மாறிக்கொண்டே போகக் கூடாது. மேலே அனுப்புவது மொத்த எண்ணிக்கை மட்டும். பெயர்ப் பட்டியலைப் பங்குத்தந்தையிடம் கொடுத்து, பதிவேடு இருக்கும் அலமாரியிலேயே வைத்துப் பூட்டச் சொல்.