பட்டாசலுக்கு என்ன நிறம் அடிப்பது?

கேள்வி: திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. அகலம் 11 அடி, நீளம் ஏறக்குறைய 50 அடி. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். தார்சா (வாசலை அடுத்த முன்பகுதி), பட்டாசல் (கூடம்), முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து முற்றத்தின் மேல் தகரம் போட்டு மூடிவிட்டோம். இப்போது பட்டாசலில் பகலிலும் விளக்கு எரிகிறது. சுவர் கிளிப்பச்சை, அடியில் பெயின்ட் உரிந்துகொண்டே இருக்கிறது. முழுக்க வெள்ளை அடித்தால் வெளிச்சம் வந்துவிடும் என்கிறார் கணவர். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் வேண்டும் என்கிறாள். அவளுக்குப் படிக்க ஓர் இடமும் இல்லை. காவித் தரைமேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். எல்லாம் தீபாவளிக்குள் முடிய வேண்டும் என்கிறார் அத்தை. அதிகம் செலவு செய்ய முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

— வாசகி, திருநெல்வேலி டவுன்

பதில்: தகரத்திலிருந்து தொடங்குங்கள். நிறத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை உண்டாக்காது. தன்மேல் விழுந்ததைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். நல்ல வெள்ளை நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பும். உங்கள் கிளிப்பச்சை அதில் பாதியளவு திருப்பினாலே அதிகம். ஆனால் விழுவதற்கே ஒளி இல்லாத இடத்தில் வெள்ளை அடித்தால் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். உங்கள் பட்டாசலுக்கு ஜன்னல் வைக்க இடமே கிடையாது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் அதை அறிந்துதான் நடுவில் முற்றம் விட்டார்கள். வெளிச்சம், காற்று, வேண்டாத சூடு வெளியேறும் வழி மூன்றும் அந்த ஒரு திறப்பில்தான் இருந்தன. நம் ஊரில் முற்றங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்க்கையில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. மூடியவர்களைக் குறை சொல்லவில்லை, பயம் நியாயமானது. அதற்கு வேறு வழி இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

தகரத்தை எடுத்துவிட்டு முதலில் இரும்புக் கம்பிவலை போடுங்கள். திருட்டுக்கு அது போதும். மழைக்கு அதன்மேல் பால் வெள்ளை நிறப் பாலிகார்பனேட் தகடு. கண்ணாடி போல் தெளிவான தகடு வேண்டாம். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 8.7 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாள்களிலும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தெளிவான தகடு அந்த வெயிலை அப்படியே முற்றத்தில் இறக்கிவிடும். பால் வெள்ளைத் தகடு ஒளியைப் பரப்பித் தரும், கண் கூசாது. தகட்டைச் சுவர்மேல் ஒட்டிப் பதிக்காமல் ஓர் அடி உயர்த்தி, நான்கு பக்கமும் கொசுவலை அடியுங்கள். சூடேறிய காற்று அந்த இடைவெளியில் வெளியேறும். சாரல் உள்ளே வராதபடி தகடு சுவரைத் தாண்டி ஒன்றரை அடியாவது நீண்டிருக்கட்டும். ஆனி ஆடிக் காற்றை மறக்காதீர்கள். தகட்டின் மேற்கு விளிம்பில் கொக்கி போல்ட்டுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் கேட்கும் வெள்ளைக்கு இடம் முற்றத்துச் சுவர்கள்தான். ஒளி முதலில் விழுவது அங்கே. அங்கிருந்துதான் பட்டாசலுக்கும் இரண்டாம் கட்டுக்கும் தெறிக்கும். சுண்ணாம்பே போதும். கரைக்கும்போது ஒரு சிட்டிகை நீலம் சேர்ப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை நீலம் அடக்கிவிடும், வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும்.

அடுத்து, உரியும் பெயின்ட். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் வாங்கினாலும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பெரும்பாலும் மூன்றடி உயரம் வரை ஏறும். மேற்பரப்பு சுவாசிக்குமானால் அந்த ஈரம் காற்றில் போய்விடும். அதன்மேல் சுவரைச் சமன்செய்யும் புட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பெயின்ட்டைத் தள்ளிவிடும். சிமென்ட் பூசி அடைத்தால் ஈரம் அதற்கு மேலே ஏறி நான்கடி, ஐந்தடியில் கறை காட்டும். தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதும் இதே கெடுதலைச் செய்யும்: தரை வழியாகப் போய்க்கொண்டிருந்த ஈரமும் சுவரைத் தேடி வரும். கொத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குளியலறையா, கசியும் குழாயா, அல்லது திரும்பத் திரும்பப் போட்ட சாலை உங்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டதா? காரணத்தை அடைத்த பிறகு, உரிந்த பகுதியைச் செங்கல் தெரியும் வரை கொத்திவிட்டு, சில மாதங்களேனும் காயவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் தண்ணீர் நின்றதே, அப்படி நீர் ஏறிய சுவர் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். காய்ந்த பிறகு சுண்ணாம்புச் சாந்தே பூசி, தரையிலிருந்து மூன்றரை அடி வரை சுண்ணாம்பில் காவி கரைத்து அடியுங்கள். கைக்கறையும் பள்ளிப்பை உரசலும் அதில் தெரியாது. மங்கினால் பொங்கலுக்குப் பொங்கல் நீங்களே ஒரு பூச்சுக் கொடுத்துக்கொள்ளலாம். கழுவ வசதி என்று சிலர் அந்த இடத்தில் எனாமல் அடிப்பார்கள். ஈரச் சுவருக்கு அது ஆகாது.

இந்தக் காரணத்தால்தான் தீபாவளிக் கெடுவை நான் ஏற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில்தான் நம் ஊருக்குப் பெருமழை. அப்போது அடித்த எதுவும் சுவரைப் பிடிக்காது. அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தீபாவளிக்குள் முற்றத்துத் தகடும் பேத்திக்குப் படிக்கும் இடமும், பொங்கல் கழிந்ததும் சுவரைக் கொத்துவது, சித்திரை, வைகாசியில் பூச்சும் நிறமும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு உறவினர்கள் வந்து இறங்கும்போது வீடு தயாராக இருக்கும். ஆனிக்குத் தள்ளினால் மேல்காற்று அள்ளிவரும் புழுதி ஈரப் பெயின்ட்டில் அப்பிக்கொள்ளும்.

இனி நிறம். உங்கள் மகள் சொல்வது நல்ல யோசனை. எந்தச் சுவர் என்பதில்தான் கவனம் வேண்டும். பக்கவாட்டு நீளச் சுவருக்கு அடர்நிறம் அடித்தால் 11 அடி அகலம் இன்னும் ஒடுங்கித் தெரியும். முற்றத்துக்குப் போகும் வாசல் இருக்கிற சுவரும் சரிப்படாது. பின்னாலிருந்து ஒளி வரும் சுவர் ஏற்கெனவே இருட்டாகத்தான் தெரியும். அதையும் அடர்த்தியாக்கினால் வாசல் மட்டும் பளீரென்று கண்ணைக் குத்தும். அந்தச் சுவர் வெளிறியே இருக்கட்டும்.

அடர்நிறத்துக்கு உரிய சுவர் முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டின் முகப்பில் இருக்கிறது. தெருவாசலில் நின்று பார்த்தால் தார்சா, பட்டாசல் எல்லாம் கடந்து பார்வை போய் முட்டுவது அதில்தான்; முற்றத்து வெளிச்சமும் அதன்மேல் நேராக விழும். முற்றத்தின் மற்ற மூன்று சுவர்களும் வெள்ளையாக இருக்க, அது ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் தூக்கலான காவி அல்லது நல்ல மஞ்சள் அடியுங்கள். தூரத்துச் சுவர் அடர்ந்த நிறத்தில் இருந்தால் அருகே வந்ததுபோல் தோன்றும், வீட்டின் நீளம் உறுத்தாது. அடர்நீலம், கரும்பச்சை போன்றவை ஒளி நிறைந்த மாடி அறைகளில் அழகாக இருக்கும்; இந்த வீட்டுக்கு அவற்றை நான் சொல்லமாட்டேன்.

பட்டாசலின் நீளச் சுவர்களுக்கு, காவிக்கு மேலே, சந்தனத்தை மிகவும் வெளிறச் செய்தது போன்ற நிறம் பொருந்தும். காவித் தரையில் பட்டு எழும் ஒளி இலேசான சிவப்போடு சுவரில் படியும். நீலம் கலந்த வெள்ளையோடு அது சேராது. மச்சில் (கூரையின் உட்புறத்தில்) மரக்கட்டைகள் இருந்தால் அவற்றுக்கு எண்ணெய் மட்டும் பூசி, இடைப்பட்ட பகுதிகளுக்கு வெள்ளை அடியுங்கள்.

நிற அட்டையை நம்பி முடிவு செய்யாதீர்கள். சின்ன அட்டையில் பார்த்த நிறம் சுவர் முழுக்கப் பரவும்போது அடர்த்தியாகத் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் அடித்து, காலை, உச்சி, இரவு மூன்று வேளையும் அந்தந்தச் சுவரில் சாத்திவைத்துப் பாருங்கள். இரவில் பார்ப்பது முக்கியம். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 6500 கெல்வின் எல்இடி (கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு). அதன் நீல வெளிச்சத்தில் சந்தன நிறம் சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். பட்டாசலுக்கு 3000 கெல்வின், படிக்கும் இடத்துக்கு 4000 கெல்வின் விளக்கு வாங்குங்கள். ஈரம் ஏறாத மேல்பகுதியில் எமல்ஷன் அடிப்பதென்றால் இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு சுமார் 70 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மகளின் படிப்பிடத்துக்குத் தனி அறை தேடவேண்டாம். பட்டாசல் முற்றத்தைத் தொடும் ஓரத்தில், சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்று போதும்: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். வலதுகையால் எழுதுபவள் என்றால் முற்றத்து ஒளி இடப்பக்கமிருந்து விழுமாறு அமையுங்கள். படித்து முடித்ததும் பலகையை மடக்கிவிட்டால் நடைவழி பழையபடி ஆகிவிடும். புத்தகங்களுக்குச் சுவரில் உள்ள மாடக்குழிகளைப் பயன்படுத்துங்கள். இடையில் யாராவது பூசி அடைத்திருந்தால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்கும் இடத்தைத் திறக்கலாம். புதிதாக மட்டும் குடையாதீர்கள். அது பொதுச் சுவர். பாரமும் தாங்குகிறது, உரிமையும் இருவருக்கு.

பீரோவைச் சுவர் நிறத்திலேயே அடித்துவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது. கொலுப் படி, விருந்துப் பாத்திரம், கோடையில் மடித்து வைக்கும் போர்வைகள் எல்லாம் வருடத்தில் ஓரிரு முறை மட்டும் எடுப்பவை. அவற்றைத் தரையிலிருந்து ஏழடி உயரத்தில், வாசல் நிலைகளுக்கு மேலே ஓடும் ஒன்றரை அடிப் பரணுக்கு ஏற்றிவிடுங்கள். கட்டை மச்சுள்ள வீடுகளில் இந்த உயரம் பெரும்பாலும் வீணாகத்தான் கிடக்கிறது.

அலங்காரத்துக்கென்று தனியாகச் செலவு தேவையில்லை. பெட்டியில் கல்யாணப் பத்தமடைப் பாய் இருந்தால் தார்சாவின் காய்ந்த சுவரில், மூங்கில் கழியில் கோத்துத் தொங்கவிடுங்கள்; தரையிலிருந்து நான்கடிக்கு மேலேயே இருக்கட்டும், ஈரம் பட்டால் கோரை பூசணம் பிடிக்கும். நேர் வெயில் படும் இடமும் கூடாது, சாயம் வெளுத்துவிடும். காவித் தரையைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மிக இலேசாகத் தேய்த்துத் துடைத்தெடுங்கள். அதன்மேல் டைல்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் முற்றத்துத் தகட்டு வேலையின் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.