ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல் பாதுகாப்பைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

தொடக்கப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன். இதற்கென்று ஒரு நாள் ஒதுக்கி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பேசினால் பிள்ளைகள் பயப்படத்தான் செய்வார்கள். பல் தேய்ப்பது, நகம் வெட்டுவது, கழிப்பறைக்குப் போய் வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவது என்று சுகாதாரம் நடத்துகிறோம் இல்லையா, அதோடு சேர்த்தே தொடங்குங்கள். கண், காது, முழங்கை என்று சொல்லும் அதே குரலில் மார்பு, ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு என்றும் சொல்லுங்கள். ஒரு நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் சரியாகிவிடும். உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடவோ, காட்டச் சொல்லவோ, படம் எடுக்கவோ கூடாது. அடுத்தவருடையதைத் தொடச் சொல்வதும் தப்பு. குளிப்பாட்டும்போது அம்மா, அம்மா கூட இருக்கும்போது டாக்டர் என்றால் வேறு விஷயம். இந்த வயதுக்கு இவ்வளவு போதும்.

நாம் பெரும்பாலும் சொல்வது, ‘தெரியாதவர் சாக்லேட் கொடுத்தால் வாங்காதே’ என்பதைத்தான். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லை கொடுத்தவர்களில் சுமார் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். அதனால் ‘மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு’ என்று பிள்ளையைப் பிடித்துத் தள்ளுவதை முதலில் வீட்டில் நிறுத்துங்கள். வணக்கம் சொன்னால் போதும். வீட்டுக்குள்ளேயே ‘வேண்டாம்’ சொல்ல விடாத பிள்ளை வெளியே எப்படிச் சொல்லும்?

நான் அதிக நேரம் கொடுப்பது ரகசியத்துக்கு. அப்பாவுக்குப் பிறந்தநாள் சட்டை வாங்கி ஒளித்து வைத்தால், அது எப்படியும் வெளியே வரப்போகிற ரகசியம். ‘அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும், அதை உடனே சொல்லிவிட வேண்டும். யாரிடம்? ஒரு கையை விரிக்கச் சொல்லி, விரலுக்கு ஒரு பெரியவர் பெயர் கேட்பேன். ஒரு பையன் அம்மா, பாட்டி என்று இரண்டு விரலை மடக்கிவிட்டு வெகுநேரம் யோசித்தான். பிறகு, ‘சத்துணவு ஆயா’ என்றான். அவன் சொன்னது நல்ல பதில். முதல் விரல் நம்பவில்லையா, அடுத்த விரலிடம் போ. யாராவது நம்பும்வரை சொல்லு என்று பழக்குங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட இருபாலரையும் காக்கிறது.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொல்லிவிட்டால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சொன்னது ரொம்ப நல்லது, உன் மேல தப்பே இல்ல’ என்று சொல்லுங்கள். நான்கு பேர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் வேண்டாம். அன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ காவல் துறைக்கோ தெரிவித்துவிடுங்கள். பள்ளியின் பெயர் கெடும், சொந்தத்துக்குள் பகை வரும் என்று மூடி மறைக்க இடமில்லை. தெரிந்தும் புகார் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. போலீஸ் என்றதும் பெற்றோர் பதறுவார்கள். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே பதிவு செய்யலாம், வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது என்று சட்டத்திலேயே இருப்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.