மூன்று வாரக் கடலாமைக் களப்பயிற்சியால் மாணவருக்கு உண்மையில் பயன் உண்டா? எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

உண்டு. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பயனாக இருக்காது. உள்ளங்கையில் ஆமைக்குஞ்சை ஏந்திய படம் கண்ணில் பட்டிருக்கும், கட்டணத்தைக் கேட்டு வீட்டில் முகம் சுளித்திருப்பார்கள். என் கதையும் அப்படித்தான் தொடங்கியது.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) என்ற கடலாமையின் முட்டை பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் ஆகும். பயிற்சியோ 21 நாட்கள். நீங்கள் கையால் அள்ளிப் பொரிப்பகத்தில் புதைக்கும் முட்டை என்ன ஆனது என்பதை அங்கிருந்து பார்க்க உங்களுக்கு வாய்க்காது. எனக்கு அது இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சலில் வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒன்பதாம் இரவு ஆமைக்கூடு தேடும் எங்கள் ரோந்து பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணி வரை. கால் ஓய்ந்துபோனதால் கடற்கரையின் கடைக்கோடி வரை போகாமல் திரும்பிவிட்டோம். பதிவேட்டில் மட்டும் ‘முழு தூரமும் நடந்தோம்’ என்று எழுதினோம். எழுதியது நான்தான். உறுத்தல் தாங்காமல் விடிந்ததும் அந்தக் கோடிக்குத் தனியாகப் போனால், அங்கே தடம்! பங்குனி ஆமை எடை குறைந்தது. இடதும் வலதுமாகத் துடுப்பை மாற்றி மாற்றி வைத்து ஏறும். பேராமை என்ற பெரிய இனம் இரு துடுப்பையும் ஒருசேர ஊன்றி உழுதுவிட்டுப் போவதைப் போல ஆழமாக இருக்காது, பலத்த காற்றே அழித்துவிடும். அதைக் கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முந்தைய இரவு அலை தொட்ட கோட்டுக்கு இரண்டு முழம் மேலே கூடு இருந்தது. பௌர்ணமிக்கு மூன்று நாட்களே இருந்தன. நீர் இன்னும் ஏறும், கூடு மூழ்கிவிடும் என்று நானே முடிவுகட்டினேன். பயிற்றுநர் இருபது நிமிட நடைத் தொலைவில் இருந்தார். போய்க் கேட்கவில்லை. கையில் வாளி இருந்தது, கையுறை இருந்தது, முதல் வாரத்தில் மூன்று கூடுகளை மாற்றிய கர்வமும் இருந்தது. 112 முட்டைகளை எண்ணி எடுத்துப் போய்ப் பொரிப்பகத்தில் புதைத்தேன்.

கோழி அடைகாக்கும்போது முட்டையைத் திருப்பித் திருப்பி வைக்கும். ஆமை முட்டை அதற்கு நேர் எதிர். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டத் தொடங்கிவிடும். அதன் பிறகு புரட்டினால் இறந்துவிடும். அதனால் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் தொடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. மாற்றியே தீரவேண்டும் என்றால் ஒவ்வொரு முட்டையின் மேற்பக்கத்திலும் பென்சிலால் குறியிட்டு, அதே வாக்கில் வைக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியும். தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

அன்று மாலை பெருமையோடு சொன்னபோது பயிற்றுநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தடம் எதுவரை இருந்தது?” கீழ்ப்பாதி அலையில் அழிந்திருந்தது. அலையேற்றம் உச்சத்துக்கு வந்தது இரவு 11 மணிக்கு; அட்டவணை என் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆமை அதற்கு முன்பே இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பியிருக்கிறது. நான் தோண்டியதோ காலை ஆறரைக்கு. அவர் திட்டவில்லை. பதிவேட்டு வரியையும் அப்போதே திருத்தி எழுதினேன்.

மின்னஞ்சலில் வந்த எண்: 9. பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்ததில், பெரும்பாலானவற்றில் வளர்ச்சி தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்ததாம்.

ஒரு கூட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது, விட்டிருந்தால் கடலே கொண்டுபோயிருக்கும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வேறு சிலர், மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, சுமார் 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பெண்கள் மிகும், பொரிப்பகமே தவறு என்று கீழே கருத்துப் பகுதியில் பாடம் எடுக்க வருவார்கள். அந்தப் பொரிப்பகத்துக்கு நிழற்கூரை கட்டியவர்களில் நானும் உண்டு, எனக்கும் தெரியும். பொரிப்பகத்துக்காக வாதாட நான் இங்கே வரவில்லை.

அதே பயிற்சியில் வெப்பமண்டலச் சூழலியல் என்ற பகுதியும் உண்டு. அதில் அலையாத்திக் காட்டில் கயிற்றால் சதுரம் கட்டி நாற்றுகளை எண்ணினோம், கொசுக்கடி வாங்கினோம். விதை மரத்திலேயே முளைத்துத் தொங்குவதைப் பார்த்தது மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழு அறிக்கை என்ற வழக்கத்தை யார் தொடங்கினார்களோ! ஐந்து பேர் பெயரில் நான் இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியது அது. அட்டைக்கு நிறம் தேர்ந்தெடுத்தவர் பெயர் முதலில், என் பெயர் கடைசியில், அதுவும் எழுத்துப்பிழையோடு. அகர வரிசை என்றார்கள். அகர வரிசையில் நான் இரண்டாவது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டும் முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நாங்கள் போன பிறகு கூடுகளை யார் கவனிக்கிறார்கள், முடிவை எங்களுக்கு எழுதுவீர்களா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளை ஒளி பட்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.

நீச்சலைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த 21 நாட்களில் தண்ணீர் என் முழங்காலுக்கு மேல் ஏறியதே இல்லை.