மச்சத்தை விட்டால் சீனி இறங்குமா?

கேள்வி: நீரிழிவுக்காக மச்சம் விட்டுவிட்டேன். சீனி இறங்கவில்லையே. குடல் பக்டீரியாக்கள் உதவும் என்கிறார்கள், உண்மையா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: உண்மைதான் தங்கச்சி. ஆனால் மீனை விட்டுவிட்டுப் பாணும் வெள்ளைமாப் புட்டும் சாப்பிட்டால் அந்தப் பக்டீரியாக்களுக்கு என்ன கிடைக்கும்? பெருங்குடல் பக்டீரியாக்களின் உணவு நார்ச்சத்து. அதை நொதிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலம்தான் குடற்சுவர்க் கலங்களின் முக்கிய எரிபொருள். கூட உருவாகும் கொழுப்பமிலங்கள், இன்சுலின் சுரக்க உதவும் ஜீ.எல்.பி-1 ஓமோனையும் தூண்டுகின்றன. நாளுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் பக்கத்துக் கௌபி, பயறு, குரக்கன், முருங்கையிலை இருக்கக் கடைப்பாண் எதற்கு? அவித்த கௌபியில் தேங்காய்ப்பூ தூவினால் எனக்கு வேறு காலைச் சாப்பாடே வேண்டாம். சரி, நார்ச்சத்தை மெல்லக் கூட்டுங்கள்; ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும். கிளினிக் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.