நாரைக்கு மாலை, உள்ளானுக்குக் காலை
வாசகர் கேள்விகள்: பறவை பார்க்கும் பயணம்

கேள்வி: நானும் கணவரும் 60 வயதைத் தாண்டியவர்கள். ஜனவரியில் வழிகாட்டியோடு பறவை பார்க்கப் போகலாம் என்றிருக்கிறோம். பயண நிறுவனம் தந்த திட்டத்தில் பழவேற்காடு, வேடந்தாங்கல், பிச்சாவரம், கோடியக்கரை, கொடைக்கானல், வால்பாறை, ஊட்டி என்று எட்டு நாளில் ஏழு இடங்கள். சரிப்படுமா?
– சென்னை வாசகி

பதில்: சரிப்படாது. இந்தத் திட்டப்படி போனால் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலை 6 முதல் 9 மணி வரை பெரும்பாலான நாட்களில் நீங்கள் காருக்குள்தான் இருப்பீர்கள். ஓர் இடத்துக்கு இரண்டு விடியற்காலை வேண்டும். முதல் நாள் மேகமோ காற்றோ கெடுத்தாலும் மறுநாள் கைகொடுக்கும். ஏழு இடத்தை மூன்றாகக் குறையுங்கள்: வேடந்தாங்கல், கோடியக்கரை, நீலகிரி.

முதல் நாள் மதியம் சென்னையிலிருந்து புறப்பட்டால் போதும். வேடந்தாங்கல் சுமார் 80 கி.மீ.தான். மாலை 4 முதல் 6 வரை கரையில் நில்லுங்கள். இரை தேடப் போன மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்புவது அப்போதுதான். மறுநாள் விடிந்ததும் பக்கத்திலுள்ள கரிக்கிலி ஏரியைப் பார்த்துவிட்டு, 9 மணிக்குக் கிளம்பி புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம் சேருங்கள். அன்று முழுக்க வண்டிதான், வேறு வழியில்லை. மூன்றாம், நான்காம் நாள் விடியல்கள் கோடியக்கரைக்கு. நான்காம் நாள் மதியம் புறப்பட்டு இரவு திருச்சியில் தங்குங்கள். இதைத் தவிர்த்து ஒரே மூச்சில் ஊட்டிக்கு ஓட்டச் சொல்லும் திட்டத்தை ஏற்காதீர்கள், மலைப்பாதையில் இருட்டிவிடும். ஐந்தாம் நாள் மலையேற்றம். ஆறாம், ஏழாம் நாள் காலைகள் சோலைக்கு (உயர்ந்த மலைப் பள்ளங்களில் வளரும் குளிர்க்காடு). ஏழாம் நாள் மாலை இறங்கினால் மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது.

பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காணும் பொங்கலன்று வேடந்தாங்கலில் நாரையைவிட மனிதர்கள்தான் அதிகம் தெரிவார்கள். பணம் கட்டும் முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏரியில் தண்ணீர் இருக்கிறதா? வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் அங்கே கூடு கட்டப் பறவைகள் வராது. கரிக்கிலியும் அதே மழையை நம்பியதுதான். வழிகாட்டி நேரில் போய்ப் பார்த்தோ உள்ளூர்க்காரரை விசாரித்தோ சொல்ல வேண்டும், "எப்போதும் இருக்கும் சார்" என்பது பதில் ஆகாது. நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

கேள்வி: கோடியக்கரை உப்பளத்தில் சேற்றில் இரை தேடும் எல்லா உள்ளான் பறவைகளும் ஒரே மாதிரி பழுப்பாகத் தெரிகின்றன. பிரித்தறிவது எப்படி?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: நிறத்தைப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. குளிர்காலத்தில் இவை எல்லாமே சாம்பலும் பழுப்பும்தான். முதலில் நடையைப் பாருங்கள். சில அடி ஓடி, சட்டென நின்று, ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி வகை. தலையைத் தூக்காமல் சேற்றைக் குத்திக்கொண்டே நடந்தால் உள்ளான். இந்த ஒன்றிலேயே பாதிக் கூட்டம் பிரிந்துவிடும்.

அடுத்தது கால். சிவப்பு என்றால் பவளக்காலியாக இருக்கலாம். பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் உறுதி. பச்சை கலந்த சாம்பல் கால், லேசாக மேல்நோக்கி வளைந்த அலகு, "ட்யூ ட்யூ ட்யூ" என்று மூன்று முறை கூப்பிட்டுப் பறப்பது பச்சைக்கால் உள்ளான். இளஞ்சிவப்புக் கால் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருந்தால் நெடுங்கால் உள்ளான். சிட்டுக்குருவி அளவில், கருப்புக் காலோடு எறும்புக் கூட்டம்போல ஓடுவது கொசு உள்ளான். மூன்றாவதாக அலகு: தலையின் நீளத்தைவிடக் குட்டையா, சமமா, நீளமா என்று மனசுக்குள் அளந்து பாருங்கள்.

எந்தப் பாத்தியில் எது நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழமே சொல்லிவிடும். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறும் ஓரிரு செ.மீ. தண்ணீரும் போதும், நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண், பூநாரைக்கு அதைவிட ஆழம். பெருமழைக்குப் பின் எல்லாப் பாத்தியும் நிரம்பியிருந்தால் சிறு உள்ளான்கள் வேறு இடம் தேடிப் போய்விடும். நவம்பரைவிட ஜனவரி நல்லது என்பதற்கு அது ஒரு காரணம். புயல் இன்னொரு காரணம், 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்ததே வேதாரண்யம் பக்கம்தான்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். 9 மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் எழுந்து ஸ்கோப்பில் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) உருவம் நெளியும். 60 மடங்குக்குத் திருகினால் நெளிவும் சேர்ந்துதான் பெரிதாகும், 20-25 மடங்கிலேயே நிறுத்துங்கள். உப்பளங்களுக்குள் போக அனுமதி வேண்டும், முந்தின நாளே வழிகாட்டி வாங்கி வைத்திருக்க வேண்டும். கரையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள், மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே கால் புதையும்.

வெயில் ஏறியதும் அங்குள்ள காட்டுக்குப் போகலாம். வறண்ட பசுமைமாறாக் காடு, வெளிமான்களும் உண்டு. அந்தி சாயும்போது ஆறுமணிக்குருவி கூப்பிடுகிறதா என்று காது கொடுங்கள்.

கேள்வி: பைனாகுலர் 10×50 நல்லதா, 8×42 நல்லதா? கண்ணாடி அணிகிறேன்.
– சேலம் வாசகர்

பதில்: 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்சின் அகலம் மி.மீ.-இல். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். சோலையின் அரையிருட்டில் கிளைக்குக் கிளை தாவும் பறவையைப் பிடிக்க அகலமான காட்சி வேண்டும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. சட்டைப் பைக்குள் அடங்கும் 8×25-இல் இது 3 மி.மீ. சொச்சம்தான், விடியலில் கருப்பாகத் தெரியும். கண்ணாடி அணிபவர்கள் "ஐ ரிலீஃப்" (லென்சிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுக்காட்சி தெரியும் என்ற தூரம்) 16 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, கண் பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே திருகி வைத்துப் பாருங்கள்.

வாங்கியதும் சரிசெய்ய வேண்டும். 20-30 மீட்டர் தூரத்து இலை ஒன்றைக் குறிவையுங்கள். வலது குழாயின் முன்பக்கத்தைக் கையால் மூடி, இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகிக் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருகுங்கள். அந்த அளவு உங்கள் கண்ணுக்கு உரியது. தம்பதியர் ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒருவருக்காவது மங்கலாகத்தான் தெரியும், தலைவலியும் வரும். ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். ஏசி காரிலிருந்து கடற்கரையில் இறங்கினால் லென்சில் நீர் படியும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊட்டிக்குப் பதில் கொடைக்கானல் போனால் அதே மலைப் பறவைகள் கிடைக்காதா?
– மதுரை வாசகி

பதில்: பாதி கிடைக்கும். நீலகிரி காட்டுப்புறா, கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இரண்டு பக்கமும் உண்டு. நீலகிரி சிரிப்பானும் நீலகிரி சோலைக்கிளியும் (கிளி இல்லை, நீல நிறச் சிறு குருவி) பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டித் தெற்கே வருவதில்லை. உயரமான குளிர்ச் சோலையில் வாழும் பறவைக்கு அந்தத் தாழ்வான, வெப்பமான இடைவெளி கடலைப் போன்றது. பல லட்சம் ஆண்டுகள் பிரிந்தே இருந்ததில் கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் வேறு சிரிப்பான், வேறு சோலைக்கிளி. தெற்கத்திய சோலைக்கிளிக்கு வயிறு வெள்ளை, நீலகிரிக்காரிக்கு விலாவில் செம்பழுப்பு.

நீலகிரியில் சிரிப்பானைத் தொட்டபெட்டா சாலையோரச் சோலைகளில் பாருங்கள். சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். சோலைக்கிளிக்குக் கோத்தகிரி லாங்வுட் சோலை போல நிழலடர்ந்த பாதை வேண்டும். ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் காலை 6.15-க்கெல்லாம் போய் அசையாமல் நின்றால் பாதையோரத் தரையில் இறங்கும். குளிர்காலத்தில் ஊட்டிப் பக்கம் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் வந்திருக்கும்.

கேள்வி: வழிகாட்டி கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கிறார். இது சரியா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தன் எல்லைக்குள் வேற்று ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்து அந்தப் பறவை மேய்ச்சலை விட்டுத் தேடி அலையும். கூடு இருந்தால் முட்டையும் குஞ்சும் காவலின்றிக் கிடக்கும். ஒருமுறை என்றால் தாங்கிக்கொள்ளும். சுற்றுலாக்காரர் தினமும் வரும் சோலையில் அது ஒருமுறையோடு நிற்பதில்லை. நல்ல வழிகாட்டிக்குப் பறவை எங்கே இரை தேடுகிறது என்பது தெரியும், அங்கே உங்களை உட்கார வைப்பார்.

கேள்வி: உப்பளத்தில் கழிப்பறை வசதி உண்டா?
– விழுப்புரம் வாசகி

பதில்: இல்லை, நிழலும் இல்லை. விடியற்காலை போய் 10 மணிக்குள் விடுதிக்குத் திரும்பும்படி நேரத்தை வகுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கப் பார்க்காதீர்கள், உப்புக் காற்றில் மயக்கம் வந்துவிடும்.